உவந்து செய்த ஊழியம்: கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்

பாட்டெழுதும் எவர்க்கும் தம் பாடல்கள் நூலுருவில் வெளிவர வேண்டும் என்னும் விழைவு உண்டு. அவ்விழைவு குற்றமன்று, அது கவிஞரோடு உடன்பிறந்தது. ஆனால், பல்லாண்டுகள் எழுதியும் அடித்தும் மாற்றியும் செம்மை செய்த தம் கவிதைகளை ஒரு சிறு கையெழுத்துச் சுவடியாக்கி, இறக்கும் தறுவாயில் நண்பர் ஒருவர்க்கு அனுப்பிவைத்தார் ஒருவர். மனம் சோர்ந்த ஓர் எளிய உயிர்க்கேனும் இவை பயன்படும் எனத் தோன்றினால் அச்சிடலாம் என்றும், தோன்றாவிடில் எரித்துவிடலாம் என்றும் முடிவை அந்நண்பரிடமே விட்டுவிட்டார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த அக்கவிஞரின் பெயர் ஜார்ஜ் ஹெர்பர்ட். ஆங்கிலச் சமயக் கவிதையின் உச்சங்களுள் ஒன்றாக இன்று போற்றப்படும் 'ஆலயம்' என்னும் நூல், அந்த ஒரு சுவடி தீக்கிரையாகாமல் தப்பியதால் கிடைத்ததாகும்.

இறைவன் திருவுளத்திற்கு இசைந்து வாழ்தல் எளிதான செயல் என்று பலரும் எண்ணுவர். ஆசைகளற்ற ஒருவர்க்கு அது எளிதாக இருக்கலாம். ஹெர்பர்ட் ஆசைகள் நிரம்பியவர். உயர்குடிப் பிறப்பும், கூர்த்த அறிவும், மெலிந்த உடலும், விரைவில் சினம் கொள்ளும் இயல்பும் உடையவர். அத்தகைய ஒருவர் மனமுவந்த ஊழியராக மாறிய வரலாறே அவருடைய வாழ்க்கை வரலாறு.

பிறப்பும் கல்வியும்

1593ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் மாண்ட்கமரி என்னும் ஊரில் ஹெர்பர்ட் பிறந்தார். பெற்றோர்க்குப் பிள்ளைகள் பதின்மர். ஆண்மக்கள் எழுவர், பெண்மக்கள் மூவர். அவர்களுள் ஜார்ஜ் ஐந்தாவது மகன். 1596இல் தந்தை காலமானார். தாயார் மாக்டலின் அறிவும் உறுதியும் மிக்கவர். பதின்மரையும் தாமே வளர்த்து, அவர்களின் கல்விக்காக முதலில் ஆக்ஸ்போர்டிலும் பின்னர் இலண்டனிலும் குடியமர்ந்தார். பெருங்கவிஞர் ஜான் டன் அவ்வம்மையாரின் நண்பர். மூத்த மகன் எட்வர்டு பின்னாளில் தத்துவ அறிஞராகவும் பாரிசு நகரில் இங்கிலாந்தின் தூதராகவும் விளங்கினார். மற்றொரு மகன் ஹென்றி அரசவைக் கேளிக்கை நிகழ்ச்சிகளை மேற்பார்க்கும் அதிகாரியானார். உலகியல் வெற்றி அக்குடும்பத்திற்குப் பழக்கமான ஒன்று.

வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்ற ஜார்ஜ், 1609இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1610ஆம் ஆண்டுப் புத்தாண்டின்போது தாயார்க்குப் பதினான்கடிப் பாக்கள் இரண்டை எழுதி அனுப்பினார். கவிஞர்கள் தம் ஆற்றலையெல்லாம் காதலுக்கே செலவிடுகின்றனரே, இறைவனுக்கென ஏன் பாடுவதில்லை என்பது அவற்றின் பொருள். தம் சிறிய கவித்திறம் முழுவதும் இனி இறைவனுக்கே உரியது எனவும் அம்மடலில் உறுதி பூண்டார். அப்போது அவருக்குப் பதினேழு வயது நிறையவில்லை. சொல்லால் பூண்ட அவ்வுறுதி வாழ்க்கையில் நிறைவேற இன்னும் இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அரசவையின் வாயிலில்

1620இல் ஹெர்பர்ட் கேம்பிரிட்ஜின் பேருரையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசர்க்கும் பெருமக்களுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரால் இலத்தீன் மொழியில் மடல் வரைவதும், அவர்கள் வருகை தரும்போது வரவேற்புரை ஆற்றுவதும் அப்பதவியின் கடமைகள். அது அரசவைக்கு ஏறிச் செல்லும் படிக்கட்டாகவே கருதப்பட்டது. அவர்க்கு முன் அப்பதவியில் இருந்தோருள் ஒருவரான இராபர்ட் நான்டன் நாட்டின் அரசுச் செயலர் நிலைக்கு உயர்ந்திருந்தார். முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஹெர்பர்ட்டின் இலத்தீன் நடையை விரும்பினார். பிரான்சிஸ் பேக்கன் தாம் செய்யுளாக்கிய சில திருப்பாடல்களை 1625இல் வெளியிட்டபோது அதனை ஹெர்பர்ட்டுக்கே காணிக்கையாக்கினார். 1624இல் மாண்ட்கமரியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அவர் அமர்ந்தார். முப்பத்தொரு வயதில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன.

அவை ஒவ்வொன்றாக அடைபட்டன. அவரை ஆதரித்த இலெனாக்ஸ் கோமகன் 1624இலும், ஹாமில்டன் பிரபு 1625 மார்ச்சிலும் மறைந்தனர். அதே மார்ச் மாதம் 27ஆம் நாள் ஜேம்ஸ் மன்னரும் காலமானார். 1627இல் தாயார் மாக்டலினும் மறைந்தார். அவர் நினைவாகச் செல்சியில் ஜான் டன் அருளுரை ஆற்றினார்; அவ்வுரை அச்சானபோது, மகன் தாய்க்குப் பாடிய இலத்தீன், கிரேக்க இரங்கற்பாக்களும் உடன் அச்சாயின. இதற்கிடையே ஹெர்பர்ட்டின் உடல்நலமும் குன்றியது. காய்ச்சலும் மார்பு நோயும் அவரை விட்டு நீங்கவில்லை. 1628இல் பேருரையாளர் பதவி பிறர் கைக்குச் சென்றது.

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. அரசவையில் இடம் கிடைக்காமையால்தான் அவர் ஆலயத்தை நாடினாரா? தோல்வியுற்றவர் தம் தோல்விக்கு இறைவன் திருவுளம் என்று பெயர் சூட்டிக்கொண்டாரா? இவ்வையத்திற்கு முற்றிலும் இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. அவருடைய கவிதைகளே இவ்வையத்தை மறைக்கவில்லை. எனினும் கதவு அடைபட்டதால் ஒருவர் திரும்புவது வேறு. திரும்பிய வழியில் முழு மனத்தோடு நடப்பது வேறு. முன்னது பலர்க்கும் நேர்வது. பின்னதற்கு ஹெர்பர்ட் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார்.

இடிந்த ஆலயமும் தயங்கிய உள்ளமும்

மன்னர் மறைவதற்கு முன்பே அவர் திருச்சபைப் பணியின் முதற்படியில் கால் வைத்திருந்தார். உதவிக் குருவாகத் திருநிலை பெற்ற அவர்க்கு 1626இல் ஹன்டிங்டன் மாவட்டத்தின் லெய்ட்டன் பிராம்ஸ்வோல்டு என்னும் சிற்றூரின் ஆலய மானியம் அளிக்கப்பட்டது. அவ்வாலயம் இடிந்து, நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்தது. நோயாளியான மகன் இத்தகைய பெருஞ்செலவில் இறங்க வேண்டாம் எனத் தாயாரே தடுத்ததாகக் கூறுவர். மகன் பணிவோடு இசைவு கேட்டுப் பெற்றார். உறவினரிடமும் நண்பரிடமும் பொருள் திரட்டி அவ்வாலயத்தைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினார். அங்கே பிரசங்க மேடையும் ஜெபம் வாசிக்கும் மேடையும் ஒரே உயரத்தில் அமைக்கப்பட்டன. போதிப்பது வேண்டுவதைவிட மேலானதன்று என்பது அதன் கருத்து. சொல்வன்மையால் புகழ்பெற்ற ஒருவர் அவ்வாறு அமைத்தது குறிப்பிடத்தக்கது.

அவ்வூருக்கு அருகில்தான் லிட்டில் கிடிங் இருந்தது. நிக்கலஸ் ஃபெரார் என்பவர் தம் குடும்பத்தாரோடு அங்கே குடியேறி, நாள்தோறும் ஜெபமும் உழைப்புமாக வாழ்ந்து வந்தார். அவரும் 1624ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். அவரும் உலகியல் உயர்வைத் துறந்தவர். இருவரும் நேரில் சந்தித்தது அரிது. மடல்களின் வழியே வளர்ந்த நட்பு அவர்களுடையது.

உதவிக் குருவாகிய பின்னும் முழுமையான குருத்துவத்தை ஏற்க ஹெர்பர்ட் ஆண்டுக் கணக்கில் தயங்கினார். உயர்குடியினர் சிற்றூர்க் குருவாவது அக்காலத்தில் இழிவாகவே கருதப்பட்டது. அவர்தம் நண்பர்களுள் அவ்வாறு சொல்லித் தடுத்தோரும் உண்டு. அதனினும் பெரிய தடை தகுதியின்மை பற்றிய அச்சம். 1629 மார்ச்சில் அவர் ஜேன் டான்வர்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். அடுத்த ஆண்டு, சால்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள பெமர்ட்டன் என்னும் சிற்றூரின் குரு பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அப்போதும் அவர் உள்ளம் ஊசலாடியது. பின்னாளில் பேராயரான வில்லியம் லாட் அவரிடம் பேசித் தயக்கத்தை நீக்கினார் எனவும், உடனே தையற்காரர் வரவழைக்கப்பட்டுக் குருவுக்குரிய உடைக்கு அளவெடுத்தார் எனவும் ஐசக் வால்டன் எழுதுகிறார். வால்டன் 1670இல் ஹெர்பர்ட்டின் வரலாற்றை எழுதியவர். அவரோடு நேரில் பழகியவரல்லர். ஆயினும் அவர் தரும் செய்திகள் ஹெர்பர்ட்டின் எழுத்துகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன.

1630 ஏப்ரல் 26இல் பெமர்ட்டன் பொறுப்பு அவர்க்கு வழங்கப்பட்டது. பொறுப்பேற்கும் குரு தனியே ஆலயத்தினுள் சென்று மணியடிப்பது வழக்கம். உள்ளே சென்றவர் நெடுநேரம் வெளிவரவில்லை. நண்பர் ஒருவர் சாளரத்தின் வழியே நோக்கியபோது, அவர் பலிபீடத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து கிடப்பதைக் கண்டாராம். அவ்வாண்டு செப்டம்பர் 19இல் சால்ஸ்பரிப் பேராலயத்தில் அவர் குருவாகத் திருநிலை பெற்றார்.

பெமர்ட்டன் நாட்கள்

பெமர்ட்டன் ஆலயம் மிகச் சிறியது. அரசர்க்கு உரையாற்றிய நாவு இனி உழவர்க்கும் ஆயர்க்கும் உரையாற்ற வேண்டியதாயிற்று. பழுதடைந்திருந்த குருமனையை ஹெர்பர்ட் தம் செலவில் செப்பனிட்டார். அவர்க்கு மக்கட்பேறு இல்லை. பெற்றோரை இழந்த தம் சகோதரியின் பெண்மக்களைத் தம் இல்லத்திலேயே வளர்த்தார். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஆலய மணி ஒலித்தது. வயலில் உழுவோர் சிலர் மணியோசை கேட்டதும் ஏரை நிறுத்தி, நின்ற இடத்திலேயே சிறிது நேரம் வேண்டிவிட்டுப் பின் உழவைத் தொடர்ந்தனர் என்பர்.

ஒருநாள் வறிய மூதாட்டி ஒருவர் தம் துயரைச் சொல்ல வந்தார். கற்றறிந்த பெரியவர் முன் நின்ற அச்சத்தால் மூச்சு வாங்கி அவர்க்குச் சொல்லெழவில்லை. ஹெர்பர்ட் அவர் கையைப் பற்றி, அச்சம் தெளிவித்து, அனைத்தையும் பொறுமையோடு கேட்டார். செய்தியறிந்த ஜேன் அம்மையார் அம்மூதாட்டிக்குக் கம்பளிப் போர்வைகள் அனுப்பிவைத்தார்.

இசை அவர்க்கு உயிர். யாழ் போன்ற நரம்புக் கருவிகளில் தேர்ச்சியுடையவர். வாரத்தில் இருமுறை சால்ஸ்பரிப் பேராலயத்துக்கு நடந்து சென்று வழிபாட்டிசையில் திளைப்பார்; பின்னர் நண்பர் கூடும் இசையரங்கிலும் கலந்துகொள்வார். ஒருமுறை வழியில் ஓர் ஏழையின் குதிரை சுமையோடு வீழ்ந்து கிடந்தது. ஹெர்பர்ட் தம் குருவங்கியைக் களைந்து வைத்துவிட்டுச் சுமையை இறக்கவும், குதிரையை எழுப்பவும், மீண்டும் ஏற்றவும் உதவினார். உடையில் எப்போதும் தூய்மை பேணும் அவர் சேறுபடிந்த கோலத்தில் வந்ததைக் கண்டு நண்பர் வியந்தனர். அது குருவின் தகுதிக்கு ஏற்றதன்று எனக் குறைகூறிய ஒருவரின் சொல்லை அவர் ஏற்கவில்லை. கருவியின் நரம்புகளை மீட்டிச் சுருதி சேர்ப்பதில் ஈடுபட்டார்.

தாம் எவ்வாறு வாழ வேண்டும் என்பதைத் தமக்கே இலக்காக வகுத்துக்கொள்ளும் பொருட்டு அவர் ஓர் உரைநடை நூல் எழுதினார். சிற்றூர்க் குருவின் கடமைகளைச் சொல்லும் அந்நூல் 1652இல்தான் அச்சேறியது. குருவானவர் உழவும் மேய்ச்சலும் அறிந்திருக்க வேண்டும். தோட்டத்து மூலிகைகளால் எளிய நோய்களைத் தீர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். எத்துணை நாற்றம் வீசும் குடிசையாயினும் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். பிரசங்கத்தில் புலமையைக் காட்டக் கூடாது என்பன அதன் கருத்துகளுட் சில. மக்கள் வழங்கும் பழமொழிகளை அவர் ஆர்வத்தோடு தொகுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் அடங்கிய அத்தொகுதி 1640இல் வெளிவந்தது. உயர்ந்த இலத்தீன் நடையில் வல்ல ஒருவர் எளியோர் பேச்சின் செறிவை நாடிச் சென்றதன் பயனை அவருடைய கவிதைகளில் காணலாம். பெட்டி, கப்பி, சாளரம், குத்தகைச் சீட்டு, விருந்துமேசை ஆகியவையே அவற்றின் உவமைகள்.

கவிதையில் நிகழ்ந்த போர்

ஹெர்பர்ட்டின் ஆங்கிலப் பாடல்கள் நூற்றறுபதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பலிபீடத்தின் வடிவிலும் பறவைச் சிறகின் வடிவிலும் அமைந்த பாடல்கள் உண்டு. தமிழின் சித்திரக்கவி மரபை அறிந்தோர்க்கு அவை புதுமையாகத் தோன்றா. ஆயினும் அப்பாடல்களின் பெருமை வடிவ விளையாட்டில் இல்லை. உண்மையை மறைக்காமையில் இருக்கிறது.

துன்பம் என்னும் தலைப்பில் அவர் பல பாடல்கள் இயற்றினார். முதலாவது, ஊழியத்தின் தொடக்க இன்பங்களை நினைந்து, பின் நோயும் இழப்பும் வந்ததைச் சொல்லி, எதற்கும் பயன்படாத வாழ்வாயிற்றே என்று ஏங்குகிறது. கழுத்துப்பட்டை என்னும் தலைப்புடைய பாடல் இன்னும் கடுமையானது. மேசையை ஓங்கி அடித்து, இனி இந்த அடிமைத்தளை வேண்டாம் என எழும் ஒருவரின் சீற்றம் அது. அடிகள் நீண்டும் குறுகியும் ஒழுங்கின்றிச் சிதறுகின்றன. இயைபுகள் இணைய மறுத்து அலைகின்றன. இறுதியில் தந்தை தம் பிள்ளையை அழைப்பது போன்ற ஒரே ஒரு விளி. அதற்கு ஒரே ஒரு மறுமொழி. அவ்விடத்தில் அடிகளும் இயைபுகளும் ஒழுங்கு பெறுகின்றன. யாப்பே சண்டையிட்டு யாப்பே அடங்குகிறது.

இசைவு என்பது ஒருநாள் ஆலயத்தில் வீழ்ந்து பெற்றுவிடும் பேறன்று என்பதையே இப்பாடல்கள் உணர்த்துகின்றன. அது நாள்தோறும் இழக்கப்பட்டு, நாள்தோறும் மீட்கப்படுவது. அவ்விழப்பை மறைத்து வெற்றியை மட்டும் பாடியிருந்தால் ஹெர்பர்ட் நல்ல உபதேசியாக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார்.

மற்றொரு பாடல் ரசவாதத்தைப் பற்றியது. இரும்பைப் பொன்னாக்கும் ரசவாதக் கல் அக்காலத்தோர் கனவு. வீட்டைப் பெருக்கும் பணியாள் தம் வேலையை இறைவன்பொருட்டுச் செய்தால் அவ்வேலையே மேன்மை பெறும் என்றும், அந்த எண்ணமே உண்மையான ரசவாதக் கல் என்றும் அப்பாடல் அறிவுறுத்தும். முந்தைய கையெழுத்துப் படி ஒன்றில் அதற்கு நிறைநிலை எனத் தலைப்பிட்டிருந்த ஹெர்பர்ட் பின்னர் அதனை மாற்றினார். நிறைவடைந்தவர் என்னும் தோற்றத்தைக் களைந்து, மாற்றப்படுவது என்னும் கருத்தை அவர் தேர்ந்தார். தாம் ஏற்ற வாழ்வையும் அவர் அவ்வாறே கண்டார் எனலாம்.

இறுதியும் பின்னும்

பெமர்ட்டனில் அவர் ஊழியம் செய்தது மூன்று ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைந்த காலமே. எலும்புருக்கி நோய் முற்றியது. அவர் நோயை அறிந்த ஃபெரார், எட்மண்ட் டன்கன் என்னும் குருவைப் பார்த்துவர அனுப்பினார். அவரிடமே ஹெர்பர்ட் தம் சுவடியை ஒப்படைத்தார். இறப்பதற்கு முந்தைய ஞாயிறன்று படுக்கையினின்றும் எழுந்து, தம் இசைக்கருவியைக் கேட்டு வாங்கிப் பாடினார். 1633 மார்ச் 1ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நாற்பது வயது நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. பெமர்ட்டன் ஆலயத்திலேயே அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

சுவடி ஃபெராரின் கைக்குச் சென்றது. எரிக்கவும் அச்சிடவும் உரிமை பெற்றிருந்த அவர் அதனைப் படித்தார். பிறகு எரிப்பதைப் பற்றிய பேச்சே எழவில்லை. லிட்டில் கிடிங் இல்லத்தார் அதனை அழகுறப் படியெடுத்தனர். சமயம் அமெரிக்காவுக்குக் கடல்கடந்து செல்ல ஆயத்தமாக நிற்கிறது என்னும் பொருள்படும் இரண்டு அடிகளைக் கண்டு பல்கலைக்கழகத் துணைவேந்தர் அச்சிட இசைவளிக்கத் தயங்கினார். ஓர் அடியையும் நீக்க ஃபெரார் உடன்படவில்லை. 1633ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜில் நூல் முழுமையாக வெளிவந்தது. 1670க்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன என வால்டன் குறிப்பிடுகிறார்.

சோர்ந்த உயிர் ஒன்றுக்கேனும் பயன்படுமாயின் என்பதே ஹெர்பர்ட் விதித்த நிபந்தனை. பதினெட்டாம் நூற்றாண்டில் கடும் மனச்சோர்வால் வாடிய கவிஞர் வில்லியம் கூப்பர், அத்துயரின் நடுவே தமக்கு இதம் தந்தவை ஹெர்பர்ட்டின் பாடல்களே என எழுதினார். 1938இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய், தாங்கொணாத் தலைவலியின்போது ஹெர்பர்ட்டின் ஒரு பாடலை மனப்பாடமாகச் சொல்லிவந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் உண்டா என்பதில் முடிவு காணாதிருந்த அவர்க்கு, கிறிஸ்து தம்மிடம் இறங்கி வந்த பேரனுபவம் அவ்வாறு அப்பாடலைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வேளையில் வாய்த்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிபந்தனை நிறைவேறிக்கொண்டிருந்தது.

அப்பாடல் அன்பு என்னும் தலைப்புடையது. ஆலயத்துப் பாடல்களின் வரிசையில் இறுதியாக நிற்பது. அதில் அன்பே விருந்தோம்புகிறது. வாயிலில் வந்து நிற்கும் விருந்தினர் தம் தகுதியின்மையை எண்ணிப் பின்வாங்குகிறார். வற்புறுத்தப்பட்டபோது, உள்ளே வருவதாயின் பரிமாறும் பணியாளாகவேனும் இருப்பேன் என்கிறார். அன்பு அதற்கும் இசையவில்லை; அவர் அமர்ந்து உண்ண வேண்டும் என்கிறது. விருந்தினர் அமர்கிறார், உண்கிறார். பாடல் முடிகிறது.

வாழ்நாளெல்லாம் ஊழியம் செய்யக் கற்றுக்கொண்ட ஒருவர் இறுதியாகக் கற்ற பாடம் இது. இறைவனுக்குத் தொண்டு செய்ய விழைவதிலும் தன்முனைப்பு ஒளிந்திருக்கலாம். தொண்டையும் விட்டுக் கொடுத்து, தரப்படுவதைப் பெற்றுக்கொள்வதே முழுமையான இசைவு. தம் கவிதைகளைப் பிறர் கையில் ஒப்படைத்து, எரிந்தாலும் நன்று, எஞ்சினாலும் நன்று எனக் கண்மூடிய ஹெர்பர்ட் அப்பாடத்தைப் பாட்டாக எழுதியதோடு நிற்காமல் வாழ்ந்தும் காட்டினார். பெமர்ட்டனின் சிற்றாலயம் இன்றும் நிற்கிறது. அதனினும் உறுதியாக நிற்கிறது, அவர் எரிக்கவும் சித்தமாயிருந்த அந்தச் சொல்லாலயம்.